மலையோடை மீனைப் படித்த சுந்தர் லால் ஹோரா

சென்ற சித்திரையில் நார்த்தாமலைக்குப் போயிருந்தேன். எள் வயல் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, முன்பு தொலைபேசியில் என்னிடம் யோசனை கேட்டிருந்த இளம் விவசாயி ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். திண்ணையை ஒட்டிய அறையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் இரண்டு பெரிய கல், மூலையில் காற்றுக் குமிழி விடும் சிறிய மோட்டார். மீன் மட்டும் இல்லை. தை மாதம் ஆறு மீன் வாங்கி விட்டிருக்கிறார். பங்குனிப் பாதியில் ஒன்று செத்தது. அந்த மாதம் முடிவதற்குள் மற்ற ஐந்தும் போய்விட்டன. அது ஆடு விற்ற காசு என்று அவருடைய அப்பத்தா வாசலில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்.

அவர் வாங்கியது மலையோடை அயிரை. நம் கண்மாய் அயிரைக்குத் தூரத்து உறவு என்பதால் இந்தப் பெயரிலேயே சொல்கிறேன். விரல் நீளம்தான் இருக்கும். சின்னத் திருக்கை போலத் தட்டையான உடம்பு, இருபுறமும் விசிறி போல விரிந்த துடுப்பு. பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு பாசியை மேயும். அலங்கார மீன் கடைகளில் இதற்கு நல்ல விலை. இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளை விற்கலாம் என்பது தம்பியின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. அவர் என்னிடம் கேட்டபோது காற்று மோட்டார் போட்டால் போதும் என்று சொன்னது நான்தான். கெண்டை மீனுக்குச் சொல்லும் யோசனையை மலையோடை மீனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் இந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது ஒரே மனிதரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் சுந்தர் லால் ஹோரா. மீன் ஆராய்ச்சி உலகில் மிகப் பெரிய பெயர். நம் பவானி ஆற்றின் பெயரை ஒரு மீனுக்கு வைத்தவரும் அவரே. தொட்டியில் ஆறு செய்ய நினைப்பவர்கள் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் காசு மிச்சமாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

லாகூரிலிருந்து கல்கத்தாவுக்கு

ஹோரா பிறந்தது 1896ஆம் ஆண்டு மே மாதம், பஞ்சாபின் ஹாஃபிசாபாத் என்ற ஊரில். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு ஜலந்தரில், கல்லூரிப் படிப்பு லாகூரில். பஞ்சாப் ஆற்றுப் பாசன பூமி, கோதுமை நிலம். அங்கிருந்து வந்தவர் வாழ்நாள் முழுவதும் மலையருவி மீன்களைப் பற்றி எழுதுவார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

1919இல் நெல்சன் அன்னண்டேல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி லாகூர் கல்லூரிக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1916இல், கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். அங்கே ஹோராவைச் சந்தித்த அன்னண்டேல், கல்கத்தாவுக்கு வரும்படி அழைத்தார். நல்ல விதையை முளைப்பிலேயே கண்டுகொள்ளும் விவசாயி போன்றவர் அன்னண்டேல் என்று எனக்குத் தோன்றுகிறது. 1921இல், அதாவது 25 வயதில், நிறுவனத்தின் மீன் பிரிவும் ஊர்வன, தவளைப் பிரிவும் ஹோராவின் பொறுப்புக்கு வந்தன. 1924இல் அன்னண்டேல் இறந்துவிட்டார். அதற்குள் ஹோரா தன் வழியைக் கண்டுகொண்டிருந்தார்.

சேர்ந்த புதிதிலேயே மணிப்பூர் பள்ளத்தாக்குக்குப் போய் அங்குள்ள மீன்களையும் மீன்பிடி முறைகளையும் பதிவு செய்தார். அந்த அறிக்கை 1921இல் வெளியானது. எந்த மீன் எங்கே இருக்கிறது என்பதோடு மக்கள் அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது. எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கு இது பிடித்த குணம்.

பவானியின் பெயர் கொண்ட மீன்

1920இல், அதாவது சேர்ந்த மறு ஆண்டிலேயே, ஹோரா இந்தியாவின் தட்டை வயிற்று மலையோடை மீன்களை எல்லாம் ஒன்றாக எடுத்து வைத்து மறுபடியும் வகைப்படுத்தினார். அருங்காட்சியகப் புட்டிகளில் கிடந்த மீன்கள்தான். அவற்றில் தென்னிந்திய மலைகளைச் சேர்ந்த ஒன்று மற்றவற்றிலிருந்து தனியாக நின்றது. ஜெர்டன் என்ற மருத்துவர் 1849இலேயே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ஹோரா அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, நீலகிரி அடிவாரத்தில் ஓடும் ஆற்றின் பெயரால் பவானியா என்று அழைத்தார். உலகில் எங்கே அந்த மீனைப் பற்றி எழுதினாலும் இன்றும் பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்றுதான் எழுதுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில், வழவழப்பான பாறைகளில் அது ஒட்டிக் கிடக்கிறது. பின்னர் 1941இல் திருவிதாங்கூர் மலைகளிலிருந்து வந்த இன்னொரு மீனுக்கு டிராவன்கோரியா என்று பெயர் வைத்தார்.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பவானியாவைப் பிடித்துவந்து வளர்க்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது வாழும் ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியின்றி அங்கே மீன் பிடித்தால் வழக்கு வரும். கடைகளில் விற்கும் மலையோடை மீன்கள் வியட்நாம், சீனம் போன்ற நாடுகளிலிருந்து வருபவை.

ஓடைக்குள் இறங்கிய விஞ்ஞானி

புட்டியில் கிடக்கும் மீனின் வயிறு தட்டை என்று தெரியும். ஏன் தட்டை என்று தெரியாது. அதற்காக ஹோரா ஓடைகளைத் தேடிப் போனார். உலகிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான காசி மலைகளில், வெள்ளம் பாயும் ஓடைகளில் வாழும் உயிர்களைக் கவனித்து 1923இல் ஒரு கட்டுரை எழுதினார். மீன் மட்டுமல்ல, தலைப்பிரட்டை, பூச்சிப் புழு என்று பாறையில் ஒட்டி வாழும் எல்லாவற்றையும் பார்த்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1930இல், லண்டன் ராயல் சங்கத்தின் ஆய்விதழில் அவருடைய பெரிய கட்டுரை வெளிவந்தது. பாயும் நீரில் உயிர்கள் எப்படிப் பிடித்து நிற்கின்றன என்பதே அதன் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு எடின்பரோ ராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

அவர் கண்டதை நம் மொழியில் சொல்கிறேன். ஆற்றின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வாய்க்காலில் மண்வெட்டியை நட்டுப் பாருங்கள். நடுத் தண்ணீர் இழுக்கும், தரையை ஒட்டிய தண்ணீர் மெதுவாகப் போகும். பாறையை ஒட்டிய அந்த மெல்லிய படலத்துக்குள் இருந்துகொண்டால் வெள்ளம் தலைக்கு மேலே போய்விடும். மலையோடை மீனின் உடம்பு அதற்காகவே அமைந்தது. வயிறு தட்டையானது, வயிற்றுச் செதில் மறைந்தது. மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் பக்கவாட்டில் படுத்தன. ஒவ்வொரு துடுப்பிலும் கதிர்களின் எண்ணிக்கை கூடியது. வெளிப்பக்கக் கதிர்களின் அடியில் சொரசொரப்பான மெத்தை வந்தது. காற்றுப் பை சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கியது. மிதக்கத் தேவையில்லாத மீனுக்குக் காற்றுப் பை எதற்கு? செவுள் வாசலும் சிறுத்து மேலே ஏறியது, ஏனெனில் வயிறு பாறையோடு ஒட்டியிருக்கிறது.

உறிஞ்சி ஒட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். ஒட்டுவதில் பெரும்பங்கு உராய்வுக்கும் உடல் வடிவத்துக்கும் உண்டு. வெளிக் கதிர்கள் பாறையைப் பிடித்திருக்க, உள் கதிர்கள் ஓயாமல் அசைந்து உடம்புக்கு அடியில் புகும் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியில் இந்த மீன் அசையாமல் கிடக்கும்போது துடுப்பின் பின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், அது துடித்துக்கொண்டே இருக்கும்.

இதில்தான் நார்த்தாமலைத் தம்பியின் ஆறு மீன்களும் செத்த காரணம் இருக்கிறது. செவுள் வாசல் சிறுத்த மீன் எப்படி மூச்சு விடுகிறது? பாயும் தண்ணீர் அதற்குத் தடையில்லாமல் பிராணவாயுவைக் கொண்டுவந்து தருகிறது. மலையோடை நீர் குளிர்ந்தது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான் நிற்கும். எத்தனை மோட்டார் வைத்துக் குமிழி விட்டாலும் அந்த வெப்பத்தில் அதற்கு மேல் தண்ணீரில் நிற்காது. வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடிக்கொண்டே போகும். வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. பங்குனி வெயிலில் நார்த்தாமலையின் பாறை எல்லாம் அடுப்புக் கல்லாகிவிடும். அந்த அறைக்குள் தேங்கிய தண்ணீரில், மூலையில் ஒரு குமிழியை நம்பி, அந்த மீன்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. ஹோராவின் கட்டுரையைத் தை மாதத்திலேயே நான் புரட்டியிருந்தால் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு குடும்பம், ஒரே தோற்றம்

1932இல் ஹோரா இன்னொரு பெரிய நூல் எழுதினார். தட்டை மீன்கள் அனைத்தும் ஒரே வம்சம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் உள்ளுறுப்புகளையும் எலும்புகளையும் ஒப்பிட்டு, இவை இரண்டு வெவ்வேறு கூட்டம், ஒரே மாதிரி ஓடைகளில் வாழ்ந்ததால் ஒரே தோற்றம் பெற்றவை என்று பிரித்தார். இன்றைய வகைப்பாட்டிலும் அவை இரண்டு தனிக் குடும்பங்கள். நம் பவானியா ஒரு குடும்பம். தொட்டி வளர்ப்பாளர்கள் விரும்பும் வியட்நாம் நாட்டு வரிமீன் இன்னொரு குடும்பம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் நினைப்போம்.

இதே ஹோரா பின்னாளில் இதே இடத்தில் சறுக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களுக்கும் மலேயா, அசாம் பகுதி மீன்களுக்கும் உள்ள ஒற்றுமை அவரை உறுத்தியது. நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமவெளி. ஓடை மீன் சமவெளியை எப்படிக் கடந்தது? ஒரு காலத்தில் விந்திய, சாத்பூரா மலைத்தொடர் வழியாக ஈரமான, உயரமான பாதை தொடர்ச்சியாக இருந்தது, அதன் வழியே மீன்கள் மேற்கே வந்து பின் தெற்கே இறங்கின என்று 1940களில் வாதிட்டார். சாத்பூராக் கொள்கை என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. பல ஆண்டுகள் மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள். பின்வந்த ஆய்வுகள், அவர் சான்றாகக் காட்டிய மீன்களில் பல நெருங்கிய உறவினர்களே அல்ல, தனித்தனியாக ஒரே வடிவம் பெற்றவை என்று காட்டின. தோற்றம் ஏமாற்றும் என்று 1932இல் எழுதியவர், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தோற்றத்தை நம்பி ஒரு மலைப்பாதையே கட்டினார். இதனால் அவர் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. அந்தக் கேள்வியை அவர் எழுப்பாமல் விட்டிருந்தால் அத்தனை பேர் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள்.

குளத்து மீனுக்கும் வந்தார்

அருவி மீனோடு நின்றுவிட்டவர் அல்ல ஹோரா. 1940களில் வங்காள மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தார். 1943இன் கொடிய பஞ்சம் அந்த மாகாணத்தை விழுங்கிய காலம் அது. சோறும் மீனும் உணவாகக் கொண்ட மக்களிடம் இரண்டுமே இல்லை. மீன் என்பது புட்டியில் வைத்துப் பெயரிடும் பொருள் மட்டுமல்ல, வயிற்றுக்கான உணவு என்ற பார்வை அவருடைய பிற்கால எழுத்தில் ஓங்கி நிற்கிறது. குளங்களில் மீன் வளர்ப்பதைப் பற்றி நிறைய எழுதினார். அந்நாளில் கட்லா, ரோகு குஞ்சுகளை ஆற்று வெள்ளத்திலிருந்துதான் வலைபோட்டுச் சேகரித்துக் குளத்தில் விட வேண்டும். வேண்டாத மீனும் கலந்து வரும். இன்று நாம் மீன்பண்ணைக்குப் போய் எண்ணி வாங்கும் விரலளவுக் குஞ்சுகள் அப்போது கிடையாது. ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைக்கும் முறையில் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் வெற்றி கண்டது 1957 ஜூலை 10 அன்று. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதைப் பார்க்க ஹோரா உயிரோடு இல்லை.

போர்க்காலத்தில் இன்னொரு இழப்பும் நடந்தது. கல்கத்தா அருங்காட்சியகக் கட்டடத்தைப் படையினர் எடுத்துக்கொண்டதால் விலங்கியல் நிறுவனத்தின் சேகரிப்புகள் 1942இல் காசிக்கு மாற்றப்பட்டன. மறு ஆண்டு வருணா ஆறு பெருகிக் கட்டடத்துக்குள் புகுந்தது. தலைமுறைகளாகச் சேர்த்த மாதிரிகளில் பெரும்பகுதி சேறானது. வெள்ளத்தில் பிடித்து நிற்கும் மீன்களையே படித்தவர் அங்கம் வகித்த நிறுவனத்தின் புட்டிகளை வெள்ளம் கொண்டுபோனது. 1947இல் ஹோரா அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாடு பிரிந்து, அவர் பிறந்த ஊர் அயல்நாடானதும் அதே ஆண்டில்தான்.

கடைசி ஆண்டுகளில் அவருக்கு ஒரு புது ஆர்வம் வந்தது. பழைய இந்திய நூல்களில் மீனைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினார். சில மீன்களைக் கொல்லக்கூடாது, சில நாட்களில் மீன் விற்கக்கூடாது என்று அசோகரின் தூண் கல்வெட்டில் இருப்பதை மீன் விஞ்ஞானியின் கண்ணோடு படித்தார். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரரின் மானசோல்லாசம் என்ற நூலில் தூண்டில் மீன்பிடியைப் பற்றியும் மீனுக்கு இடும் இரையைப் பற்றியும் வரும் பகுதியை விளக்கி எழுதினார். அவர் தெற்கே கொஞ்சம் கூடுதலாக வந்து நம் சங்க நூல்களையும் புரட்டியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அயிரை மீன் அவற்றில் பெயரோடு வருகிறது.

1954இல் ஐதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1955 டிசம்பர் 8 அன்று காலமானார். வயது 59. அவரும் கேரளத்தைச் சேர்ந்த டி. வி. ஆர். பிள்ளையும் சேர்ந்து எழுதிய மீன் வளர்ப்புக் கையேட்டை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1962இல் வெளியிட்டது. அவர் பெயரை மீன்களும் தாங்கி நிற்கின்றன. கோட்டயம் பகுதிக் கிணறுகளில் வாழும் கண்ணில்லாத கெளுத்திக்கு ஹோராகிளானிஸ் என்று பெயர். கேரளத்தின் மஞ்சக்கூரிக்கு ஹோராபாக்ரஸ். மேற்குக் கடற்கரை உப்பங்கழியில் திரியும் நூல் போன்ற சிறு மீனுக்கு ஹோராயிக்திஸ்.

அவர் சொன்னபடி ஒரு தொட்டி

ஹோரா வீட்டுத் தொட்டிக்காக எழுதியவர் அல்ல. ஆனால் மீனின் உடம்பை நீரோட்டம் செய்தது என்று அவர் காட்டிய பிறகு, தொட்டியில் முதலில் செய்ய வேண்டியது ஓட்டத்தைத்தான் என்பது தெளிவாகிவிடுகிறது. தம்பியின் தொட்டியையே மாற்றிக் கட்டினோம்.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி தண்ணீர் என்றால் 170 லிட்டர் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் இந்தத் தண்ணீர் முழுவதும் 15 முறையாவது சுற்ற வேண்டும். அதாவது மணிக்கு 2500 லிட்டர் தள்ளும் பம்பு. ஒரே பம்பாக வைப்பதைவிட இரண்டு சிறிய பம்பு நல்லது, ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். இரண்டையும் தொட்டியின் ஒரே முனையில் வைத்து, வாயை எதிர் முனைப் பக்கம் திருப்ப வேண்டும். பம்பு உறிஞ்சும் இடத்தில் பிவிசி குழாயை மாட்டி, அடிச் சரளைக்குக் கீழே படுக்க வைத்து, எதிர் முனை வரை கொண்டுபோய் அங்கே நிமிர்த்தி, முனையில் கடற்பாசி போன்ற ஸ்பாஞ்சு உருளையைச் செருகிவிட வேண்டும். பம்பு தண்ணீரை மேலே தள்ளுகிறது, எதிர் முனையில் ஸ்பாஞ்சு வாங்கிக்கொள்கிறது, அடிக்குழாய் திருப்பிக் கொண்டுவருகிறது. தொட்டி முழுக்க ஒரே திசையில் ஓடும் ஆறு கிடைத்துவிடும். ஸ்பாஞ்சு அழுக்கை வடிகட்டும், குஞ்சுகள் குழாய்க்குள் போகாமலும் தடுக்கும்.

அடியில் போட்டிருந்த ஜல்லியை அள்ளி வெளியே கொட்டச் சொன்னேன். நார்த்தாமலையைச் சுற்றிக் கல் குவாரிக்குப் பஞ்சமில்லை, ஜல்லி மலிவு. ஆனால் உடைத்த கல்லின் விளிம்பு கத்தி போன்றது. செதில் இல்லாத வயிறு அதில் கிழியும். பட்டாணி அளவு உருண்டைச் சரளையும், உள்ளங்கை அளவு வழவழப்பான கூழாங்கல்லும் தேவை. சரளை இரண்டு அங்குல ஆழமாவது இருக்க வேண்டும், ஏனெனில் முட்டை அதற்குள்தான் விழும்.

தீனியைப் பற்றி ஒரு வழி உண்டு. மொட்டை மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். வெயில் பட்டு இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பாசி படரும். அந்தக் கல்லை எடுத்து மீன் தொட்டியில் வைத்து, மேய்ந்து முடித்த கல்லை மாடிக்கு மாற்றுங்கள். மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் மாற்றுவது போலத்தான். கடையில் விற்கும் பாசி வில்லையும் கொடுக்கலாம், அதிகம் போட்டால் அழுகித் தண்ணீர் கெடும். வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் 20 முதல் 24 டிகிரிக்குள் நின்று, ஐந்தாறு மீன் சேர்ந்து இருந்து, சில மாதம் தொந்தரவில்லாமல் விட்டால் வியட்நாம் வரிமீன் தொட்டியிலேயே இனம் பெருக்கும். இதை உலகில் பல வளர்ப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆண் மீனுக்குத் தோள் போலத் தலைக்குப் பின் கோணம் தெரியும், பெண் மீனுக்கு அந்த இடம் வளைவாக இருக்கும், உடம்பும் அகலம். இணை சேர்ந்து சரளையில் சிறு குழி பறித்து முட்டையிடும். பிறகு ஒரு நாள் கல்லின் மேல் அரிசி அளவில் தாயைப் போலவே தட்டையான குஞ்சுகள் தெரியும். அதுவரை சரளையைக் கிளறிச் சுத்தம் செய்யக் கூடாது. பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தேடித் தின்பதில்லை, எனவே பிரித்து வைக்கவும் வேண்டாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை நார்த்தாமலையில் 24 டிகிரித் தண்ணீர் என்பது குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அது போதாது. கருவியின் விலையையும் நான்கு மாத மின்கட்டணத்தையும் குஞ்சு விற்ற காசு ஈடுகட்டும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். மின்சாரம் நின்றால் ஓட்டமும் நிற்கும், எனவே இன்வெர்ட்டரும் வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி விவசாயிகளுக்கு இது கைகூடும் தொழில். நமக்கு, கார்த்திகை முதல் மாசி வரை, ஆசைக்கு வளர்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை.

வருமானம் வேண்டும் என்றால் நம் சொந்த அயிரை இருக்கிறதே என்று தம்பியிடம் சொன்னேன். கண்மாய்ச் சேற்றில் வாழும் அயிரையின் அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்ற சொல் வரும். வெந்நீரைக் குறிக்கும் சொல். திருகோணமலையின் கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனை வைத்து வாலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1846இல் அந்தப் பெயரைச் சூட்டினார். வியட்நாம் வரிமீனுக்குப் பெயர் வைத்தவரும் அவரே, அதே ஆண்டில். ஒன்று குளிர்ந்த அருவிக்கு, மற்றது சூடான சேற்றுக்கு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு விடும். நம் வெயிலைத் தாங்கப் பிறந்த மீன். மதுரைப் பக்கம் அயிரை மீன் குழம்புக்கு இருக்கும் கிராக்கியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊக்குவிப்பு ஊசி மூலம் இதை இனப்பெருக்கம் செய்யும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடந்திருக்கின்றன. விவசாயிகள் தொடங்குமுன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ மீன்வளப் பல்கலைக்கழக மையத்திலோ பயிற்சி கேட்டுப் பெற வேண்டும்.

ஆடி கடைசியில் மறுபடியும் போனேன். கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அடியில் மணலும் சேறும் பரப்பி, கண்மாயில் பிடித்த அயிரை கொஞ்சம் விட்டிருந்தார். கண்ணாடித் தொட்டியில் இரண்டு பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. உருண்டைச் சரளை, மாடியில் பாசி படர்ந்த கற்கள், எல்லாம் தயார். மீன் மட்டும் விடவில்லை. வெப்பமானியைக் காட்டினார், 30 டிகிரி. கார்த்திகை வரட்டும் சார் என்றார். மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குக் கரண்டு செலவு என்று அப்பத்தா கேட்டார்கள். ஆறு முதலில் பழகணும் அப்பத்தா என்று அவரே பதில் சொல்லிவிட்டு ஸ்பாஞ்சைக் கழுவ எடுத்துப் போனார்.